டிடியே ட்ரோக்பா: பிந்தி வந்த முன்கள வீரர்

டிடியே ட்ரோக்பா 1978 மார்ச் 11 அன்று மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள ஐவரி கோஸ்ட் நாட்டின் அபிஜான் நகரில் பிறந்தார். பிரான்ஸ், இங்கிலாந்து, சீனா, துருக்கி, கனடா, அமெரிக்கா என ஆறு நாடுகளின் கிளப்புகளுக்கு ஆடிய அவர், சொந்த நாட்டுக் கிளப் எதற்கும் ஒரு பருவம்கூட ஆடியதில்லை. இருந்தும் அந்த நாட்டில் அவர் பெயர் தெரியாத வீடு கிடையாது. அபிஜான் மதுக்கடைகளில் கிடைக்கும் ஒரு லிட்டர் பீர் பாட்டிலுக்கே மக்கள் 'ட்ரோக்பா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெரியது, கனமானது, ஆளை வீழ்த்தக்கூடியது என்பதுதான் காரணம்.

ஐவரி கோஸ்ட் என்றால் தந்தக் கரை. யானைத் தந்த வணிகத்தால் வந்த பெயர் அது. இன்று அந்த நாட்டை உலகம் அறிவது கோகோவால்தான். உலகிலேயே அதிகம் கோகோ விளைவது அங்கே. 1960 வரை பிரெஞ்சுக் காலனியாக இருந்ததால் ஆட்சிமொழி பிரெஞ்சு. படிப்புக்கும் பிழைப்புக்கும் பந்தாட்டத்துக்கும் அங்கிருந்து புறப்படுபவர்கள் பெரும்பாலும் முதலில் போய்ச் சேருவது பிரான்ஸ். ட்ரோக்பாவின் மாமா மிஷேல் கோபாவும் அப்படிப் போனவர். பிரான்சின் சிறிய கிளப்புகளில் பந்தாடிச் சம்பாதித்துக்கொண்டிருந்தார். மகனுக்கு நல்ல எதிர்காலம் கிடைக்கட்டும் என்று பெற்றோர் ட்ரோக்பாவை ஐந்து வயதில் அவரிடம் அனுப்பிவைத்தனர். அந்தச் சிறுவன் விமானத்தில் தனியாகத்தான் போனான். யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோ மீது அவன் அம்மாவுக்குப் பெரிய மதிப்பு. அதனால் வீட்டில் அவனை 'டிட்டோ' என்றுதான் அழைப்பார்கள்.

மூன்று ஆண்டுகள் கழித்து ஊர் நினைவு தாங்காமல் திரும்பிவிட்டான். ஆனால் 1980-களின் கடைசியில் கோகோ விலை சரிந்து நாட்டின் பொருளாதாரமே ஆட்டம் கண்டது. வங்கியில் வேலை பார்த்த பெற்றோரின் வேலையும் போயிற்று. சிறுவன் மறுபடி மாமாவிடம். மாமா எந்த ஊர்க் கிளப்பில் சேருகிறாரோ அந்த ஊர்தான் அவனுக்கும் வீடு, அந்த ஊரில்தான் பள்ளிக்கூடம். ஒவ்வொரு முறையும் புது வகுப்பு, புது முகங்கள். பந்து ஒன்றுதான் எந்த ஊரிலும் மாறாதது. தொடக்கத்தில் அவன் ஆடிய இடம் வலப்பக்கத் தடுப்பு. பின்னால் நின்று என்ன செய்யப் போகிறாய், மக்கள் பார்ப்பது கோல் அடிப்பவனைத்தான், முன்னால் போ என்று மாமா சொன்னார். சொல்லிக்கொடுத்ததும் அவரே. தடுப்பாளரின் உடலோடு எப்படி உடலை ஒட்டிவைப்பது, உயரே வரும் பந்துக்கு எந்த நொடியில் எழும்புவது என்கிற பாடங்களெல்லாம் அந்த வீட்டில் கற்றவை.

1991-ல் பெற்றோரும் பிரான்சுக்கு வந்தனர். பாரிஸின் புறநகரான ஆன்தொனியில், ஒரு பெரிய குடும்பத்துக்கு எந்த வகையிலும் போதாத சிறு வீட்டில் வாழ்க்கை. அங்கிருந்து ட்ரோக்பா லெவல்வா என்ற அரைத் தொழில்முறைக் கிளப்பின் இளையோர் அணியில் சேர்ந்தார்.

பிரான்சில் தொழில்முறைப் பந்தாட்டத்துக்கு ஒரு ராஜபாட்டை உண்டு. திறமையுள்ள சிறுவர்களைப் பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே கிளப்புகள் தங்கள் பயிற்சி மையங்களில் சேர்த்துக்கொள்ளும். அங்கேயே தங்கி, படித்து, தினமும் பயிற்சி செய்து, பதினெட்டு வயதில் முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவார்கள். ஐவரி கோஸ்டிலேயே அப்படி ஒரு வழி அப்போது உருவாகிக்கொண்டிருந்தது. அபிஜானின் அசெக் மிமோசா கிளப்பில் ஜான் மார்க் கீயூ என்ற பிரெஞ்சுக்காரர் 1990-களில் ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கினார். கோலோ தூரே, யாயா தூரே, திதியே ஸொகொரா, சாலமன் கலூ, எம்மானுவேல் எபுவே, ஜெர்வின்யோ என்று பின்னாளில் ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கிய ஒரு தலைமுறையே அந்த ஒரு கூடத்திலிருந்து வந்தது. அவர்களில் பலரை கீயூ பெல்ஜியத்தின் பெவரன் கிளப்புக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து பெரிய கிளப்புகள் எடுத்துக்கொண்டன.

ட்ரோக்பா இந்த இரண்டு பாதைகளிலும் வரவில்லை. பள்ளி முடித்து, லெ மான் நகரில் கணக்கியல் படிக்கப் போனார். படித்துக்கொண்டே, இரண்டாம் பிரிவில் ஆடிய லெ மான் கிளப்பில் பயிற்சி பெற்றார். இடையில் பாதத்திலும் கணுக்காலிலும் எலும்பு முறிவுகள். அவர் முதல் தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது வயது 21. பந்தாட்டக் கணக்கில் அது காலம் கடந்த வயது. தொடக்கத்தில் அவரால் தினமும் பயிற்சி செய்து வாராவாரம் ஆடக்கூட முடியவில்லை, உடல் அதற்குப் பழக நான்கு ஆண்டுகள் பிடித்தன என்று அப்போதைய பயிற்சியாளர் மார்க் வெஸ்டர்லோப் பிற்பாடு சொல்லியிருக்கிறார். பயிற்சி மையத்துப் பையன்களுக்குப் பதின்பருவத்திலேயே ஏறிவிடும் உழைப்பின் உரம் இவருக்கு இருபதுக்கு மேல்தான் ஏறியது. முதல் பருவத்தில் 30 லீக் ஆட்டங்களில் 7 கோல்; அடுத்த பருவத்தில் 11 ஆட்டங்களில் ஒன்றுமில்லை. அந்த எண்களைப் பார்த்து இந்த ஆளின் எதிர்காலத்தை யாரும் ஊகித்திருக்க முடியாது.

2002 ஜனவரியில் கேங்காம் கிளப் அவரைச் சுமார் 80 ஆயிரம் பவுண்டுக்கு வாங்கியது. பிரிட்டனி வட்டாரத்தில் உள்ள கேங்காம் ஏழெட்டாயிரம் பேர் வாழும் சிற்றூர். ஊர் மொத்தமும் வந்து உட்கார்ந்தாலும் நிரம்பாத அரங்கம் அந்த ஊருக்கு இருக்கிறது. கிளப் ஆடியதோ பிரான்சின் முதல் பிரிவில். அங்கே முதல் முழுப் பருவமான 2002-03-ல் ட்ரோக்பா 34 ஆட்டங்களில் 17 கோல் அடித்தார். இடப்பக்கம் ஃப்ளோரான் மலூதா பந்தைக் கொண்டுவந்து கொடுப்பார், நடுவில் ட்ரோக்பா முடிப்பார். சின்னக் கிளப் அந்த ஆண்டு ஏழாம் இடம் பிடித்தது. அவர் கேங்காம் வந்து ஒன்றரை ஆண்டிலேயே மார்செய் கிளப் சுமார் 33 லட்சம் பவுண்டு கொடுத்து அவரை அழைத்துக்கொண்டது.

மார்செய் பந்துப் பைத்தியம் பிடித்த துறைமுக நகரம். ஆப்பிரிக்காவிலிருந்தும் மத்தியதரைக் கடலின் எல்லாக் கரைகளிலிருந்தும் வந்து குடியேறியவர்களால் நிறைந்தது. அந்த ஊர் ட்ரோக்பாவை உடனே தன் பிள்ளையாக்கிக்கொண்டது. 2003-04 பருவத்தில் லீகில் 19 கோல். பிரான்சின் சிறந்த வீரர் விருது. யூயெஃபா கோப்பை அரையிறுதியில் நியூகாசிலுக்கு எதிராக இரண்டு கோல். இறுதியாட்டத்தில் மார்செய் வலென்சியாவிடம் தோற்றது. அந்த ஊரிலேயே இருந்துவிட வேண்டும் என்றுதான் ட்ரோக்பா நினைத்திருந்தார். ஆனால் வீரரின் ஆசை ஒரு பக்கம் இருக்க, கிளப்பின் கணக்கு வேறு. 33 லட்சத்துக்கு வாங்கியவருக்கு 2 கோடியே 40 லட்சம் பவுண்டு விலை வந்தபோது மார்செய் மறுக்கவில்லை. 2004 ஜூலையில் ட்ரோக்பா லண்டனின் செல்சி அணிக்குப் போனார். செல்சி அதுவரை எந்த வீரருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை.

வெளிநாட்டில் ஆடும் வீரர்களின் வாழ்க்கையை விளங்கிக்கொள்ள இந்த இடமாற்றத் தொகையைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும். ஒப்பந்தக் காலம் முடியும் முன் ஒரு வீரரை வேறு கிளப் எடுத்துக்கொள்ள விரும்பினால், இருக்கும் கிளப்புக்கு ஈடு கொடுத்தாக வேண்டும். அந்தப் பணம் வீரருக்குப் போகாது. அவருக்குச் சம்பளம் தனி. சிறு கிளப் குறைந்த விலைக்கு வாங்கி, ஆட வைத்து, தேறியதும் பெரிய கிளப்புக்கு விற்றுப் பிழைக்கிறது. கேங்காம் போன்ற கிளப்புகளின் அடுப்பு எரிவதே இதனால்தான். ட்ரோக்பாவின் விலை இரண்டரை ஆண்டில் 300 மடங்கு ஏறியது.

செல்சியை அதற்கு முந்தைய ஆண்டுதான் ரஷ்யக் கோடீஸ்வரர் ரோமான் அப்ரமோவிச் வாங்கியிருந்தார். புதிய பயிற்சியாளர் ஜோசே மொரின்யோ போர்ச்சுகலிலிருந்து வந்திருந்தார். ட்ரோக்பாவை எடுத்தே ஆக வேண்டும் என்று நின்றவர் அவர்தான். முதல் இரண்டு பருவங்களிலும், 2004-05, 2005-06, செல்சி இங்கிலாந்து பிரீமியர் லீக் பட்டத்தை வென்றது. ஆனால் ட்ரோக்பா மீது முணுமுணுப்பு இருந்தது. கொடுத்த விலைக்கு அடித்த கோல் போதாது என்றார்கள். தடுப்பாளர் லேசாகத் தொட்டாலே விழுந்துவிடுகிறார் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. அதில் உண்மை இல்லாமலும் இல்லை. மார்செய்க்கே திரும்பிவிடலாம் என்ற எண்ணம் அவருக்குப் பல முறை வந்தது.

அவர் என்ன வேலைக்காக அழைத்துவரப்பட்டார் என்பதைப் பார்த்தால் அந்த முணுமுணுப்பின் அவசரம் தெரியும். மொரின்யோவின் அணி முன்னணியில் ஒரே ஒரு ஸ்ட்ரைக்கரை நிறுத்தி ஆடியது. பின்னாலிருந்து நீளமாக அடித்துவிடும் பந்து ஐம்பது அறுபது மீட்டர் பறந்து அவரிடம் வரும். கோலுக்கு முதுகு, முதுகில் ஒட்டிக்கொண்டு ஒரு தடுப்பாளர், சில சமயம் இருவர். அந்தப் பந்தை மார்பில் வாங்கிக் காலடியில் இறக்கி, இடுப்பாலும் தோளாலும் பின்னாலிருப்பவரை அண்டவிடாமல், இரண்டு மூன்று நொடி பிடித்து நிற்க வேண்டும். அதற்குள் நடுக்கள வீரர் லாம்பார்டும் பக்கவாட்டு வீரர்களும் ஓடி வந்து சேருவார்கள். பந்து அவர்கள் காலுக்குப் போகும். கோல் கணக்கில் அந்த மூன்று நொடிகள் வராது. ஆறடி இரண்டு அங்குல உயரமும், லெ மானில் மெதுமெதுவாக ஏற்றிய உடலுரமும், மாமா சொல்லிக்கொடுத்த உடல் பாடமும் அந்த நொடிகளில்தான் கூடி வந்தன. அந்த வேலையை அவரளவு நன்றாகச் செய்தவர்கள் அவர் காலத்தில் மிகக் குறைவு.

2006-07-ல் கோல்களும் கொட்டின. லீகில் 20, எல்லாப் போட்டிகளும் சேர்த்து 33. அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி விருதைப் பிரீமியர் லீகில் வென்ற முதல் ஆப்பிரிக்கர் ஆனார். அந்த ஆண்டு லீக் கோப்பை இறுதியில் ஆர்சனலுக்கு எதிராக இரண்டு கோல். புதிதாகக் கட்டப்பட்ட வெம்ப்ளி அரங்கின் முதல் எஃப்.ஏ. கோப்பை இறுதியில், மான்செஸ்டர் யுனைடெட்டை வீழ்த்திய ஒரே கோல், கூடுதல் நேரத்தின் 116-வது நிமிடத்தில், அவருடையது.

இறுதியாட்டம் என்றால் ட்ரோக்பா என்று ஆகிப்போனது. 2007, 2009, 2010, 2012 ஆகிய நான்கு எஃப்.ஏ. கோப்பை இறுதிகளிலும் கோல் அடித்தார். நான்கிலும் செல்சி வென்றது. நான்கு எஃப்.ஏ. கோப்பை இறுதிகளில் கோல் அடித்தவர் அவருக்கு முன் யாரும் இல்லை. 2009-10 பருவத்தில், ஜனவரியில் ஆப்பிரிக்கக் கோப்பைக்காக நாட்டுக்குப் போய் வந்த பிறகும், லீகில் 29 கோல் அடித்து மறுபடி தங்கக் காலணி வென்றார். கடைசி ஆட்டத்தில் விகனுக்கு எதிராகக் கிடைத்த முதல் பெனால்டியை லாம்பார்ட் எடுத்துக்கொண்டார். கோல் கணக்கில் போட்டியாளர் வெய்ன் ரூனியை முந்த வேண்டிய அந்த நாளில் ட்ரோக்பா முகம் சுளித்ததை அரங்கமே பார்த்தது. அதன்பின் அவர் மூன்று கோல் அடித்தார், ஆட்டம் 8-0, பட்டம் செல்சிக்கு.

கோபம் அவரைக் கவிழ்த்ததும் உண்டு. 2008-ல் மாஸ்கோவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியில், கூடுதல் நேரம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, மான்செஸ்டர் யுனைடெட்டின் விடிச்சைக் கன்னத்தில் தட்டிச் சிவப்பு அட்டை வாங்கினார். ஆட்டம் பெனால்டிகளுக்குப் போனபோது செல்சியின் நம்பகமான கால்களில் ஒன்று வெளியே இருந்தது. அணி தோற்றது. மறு ஆண்டு அரையிறுதியில் பார்சிலோனாவிடம் வெளியேறிய இரவில், நடுவரைத் திட்டித் தொலைக்காட்சிக் கேமரா முன் கத்தித் தடை வாங்கினார்.

அந்தக் கணக்குத் தீர்ந்தது 2012 மே 19 அன்று மியூனிக் நகரில். எதிரணி பயர்ன் மியூனிக். ஆட்டம் அவர்களுடைய சொந்த அரங்கிலேயே. செல்சியின் கேப்டன் ஜான் டெர்ரி உட்பட நால்வர் தடையால் ஆடவில்லை. 83-வது நிமிடத்தில் தாமஸ் முல்லர் தலையால் முட்டிப் பயர்னுக்கு கோல் போட்டார். அந்த ஆட்டத்தில் பயர்ன் இருபது கார்னர் அடித்தது. செல்சிக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று, 88-வது நிமிடத்தில். ஹுவான் மாத்தா வலப்பக்க மூலையிலிருந்து அடித்த பந்து அருகிலுள்ள கம்பத்தை நோக்கி வளைந்து வந்தது. கூட்டத்துக்கு நடுவில் இருந்த ட்ரோக்பா, பந்து வந்து சேரும் முன்பே அந்த இடத்துக்கு ஓடினார். ஜெரோம் போட்டெங் ஓரடி பிந்திவிட்டார். கழுத்தை முறுக்கி நெற்றியால் கொடுத்த அடியில் பந்து போன வேகத்துக்கு, கோல்கீப்பர் மானுவேல் நோயரின் கை பட்டும் அதை நிறுத்த முடியவில்லை. 1-1.

கூடுதல் நேரத்தில் அவரே பயர்ன் வீரர் ரிபெரியின் காலைத் தட்டிவிட்டுப் பெனால்டி கொடுத்தார். ஆர்யன் ராபன் அடித்ததைச் செல்சி கோல்கீப்பர் பீட்டர் செக் பிடித்துவிட்டார். மூன்று வாரத்துக்கு முன் அரையிறுதியில் இதேதான் நடந்திருந்தது: பார்சிலோனாவில் ட்ரோக்பா கொடுத்த பெனால்டியை மெஸ்ஸி குறுக்குக் கம்பத்தில் அடித்தார். முன்கள வீரர் சொந்தப் பெனால்டி பகுதி வரை இறங்கி வந்து தடுத்தாட வேண்டிய நிலையில் அந்த அணி இருந்தது என்பதற்கு இந்த இரண்டு பெனால்டிகளே சாட்சி. கடைசியில் பெனால்டி முறை. செல்சியின் ஐந்தாவது அடி ட்ரோக்பாவுடையது. நீண்ட ஓட்டமில்லை, இரண்டே எட்டு. நோயர் ஒரு பக்கம் சாய, பந்து தரையோடு மறுபக்கம் உருண்டது. செல்சி முதன்முறையாக ஐரோப்பாவின் சாம்பியன். அந்தக் கோடையில் ஒப்பந்தம் முடிந்து அவர் கிளம்பினார். அவரைக் கிளப்பின் வரலாற்றிலேயே மிகச் சிறந்த வீரர் என்று ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள்.

கிளப் வாழ்க்கைக்கு இணையாக நாட்டுக்கான ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. 2002 செப்டம்பர் 8 அன்று தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஐவரி கோஸ்டின் ஆரஞ்சுச் சட்டையை முதன்முதலில் அணிந்தார். அடுத்த பதினோராம் நாள், செப்டம்பர் 19 அன்று, நாட்டில் கிளர்ச்சி வெடித்தது. வடக்கு கிளர்ச்சியாளர்கள் கையில், தெற்கு அரசின் கையில். அபிஜானுக்கு வடக்கே சுமார் 350 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புவாக்கே கிளர்ச்சியாளர்களின் தலைநகரமாயிற்று. யார் உண்மையான ஐவரி கோஸ்ட்காரர் என்று 1990-களிலிருந்து அரசியல்வாதிகள் கிளப்பிவந்த கேள்விதான் இந்தத் தீக்கு விறகு. அண்டை நாடுகளிலிருந்து கோகோத் தோட்டங்களில் உழைக்க வந்தவர்களின் பிள்ளைகளும், வடக்கின் முஸ்லிம்களும் அந்நியர்களாகப் பார்க்கப்பட்டனர்.

தேசிய அணியில் அந்தப் பிளவு செல்லாது. தூரே சகோதரர்கள் வடக்கின் வழிவந்தவர்கள். ட்ரோக்பா மேற்குப் பகுதியின் பெத்தே இனத்தவர். அப்போதைய அதிபர் லொரான் பாக்போவும் அதே இனம். எல்லோரும் ஒரே சட்டையில் ஆடினார்கள்.

2005 அக்டோபர் 8. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம், சூடானின் ஓம்துர்மான் நகரில். ஐவரி கோஸ்ட் வெல்ல வேண்டும். அதே நேரத்தில் யாவுன்டேயில் எகிப்துடன் ஆடும் கேமரூன் வெல்லக் கூடாது. ஐவரி கோஸ்ட் 3-1 என்று வென்றுவிட்டு மற்ற ஆட்டத்தின் முடிவுக்குக் காத்திருந்தது. அங்கே 1-1, ஆனால் கடைசி நிமிடங்களில் கேமரூனுக்கு ஒரு பெனால்டி. பியேர் வொமே அடித்த பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. நாடு முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது.

உடைமாற்றும் அறையில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ட்ரோக்பா மைக்கைக் கையில் வாங்கினார். தோழர்கள் தோள்மேல் கைபோட்டுச் சூழ்ந்து நின்றனர். வடக்கு, தெற்கு, மத்திய பகுதி, மேற்கு என்று நாட்டின் திசைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைத்தார். எல்லாரும் சேர்ந்து ஆட முடியும், சேர்ந்து வாழவும் முடியும் என்று இன்று காட்டிவிட்டோம் என்றார். பிறகு அத்தனை பேரும் மண்டியிட்டார்கள். மண்டியிட்டபடியே, ஆயுதங்களைக் கீழே வைக்கும்படியும் தேர்தல் நடத்தும்படியும் நாட்டைக் கெஞ்சிக் கேட்டார். ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும் காட்சி அது. நாட்டுத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஒளிபரப்பானது.

ட்ரோக்பா ஒரே பேச்சில் போரை நிறுத்தினார் என்று உலகப் பத்திரிகைகள் எழுதுவதுண்டு. அது மிகை. சண்டை ஓய்ந்ததற்குப் பிரெஞ்சுப் படையும் ஐ.நா. அமைதிப்படையும் நடுவில் நின்றது, அண்டை நாடுகள் பேச்சுவார்த்தைக்கு இழுத்துவந்தது, இரு தரப்பும் களைத்துப்போனது என்று பல காரணங்கள். அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது 2007 மார்ச்சில், புர்கினா ஃபாசோவின் வாகடூகு நகரில். ஆனால் அந்த ஒப்பந்தத்தை மக்கள் நம்புவதற்கு யாரோ ஒருவர் வடக்கே போய் நிற்க வேண்டியிருந்தது. அதை ட்ரோக்பா செய்தார். 2006-ன் சிறந்த ஆப்பிரிக்க வீரர் விருதோடு புவாக்கேவுக்குப் போனார். ஆப்பிரிக்கக் கோப்பைத் தகுதிச் சுற்றில் மடகாஸ்கருடன் ஆட வேண்டிய ஆட்டம் அபிஜானில் வேண்டாம், புவாக்கேவில் நடக்கட்டும் என்று கேட்டார். அதிபரின் இனத்தைச் சேர்ந்த ஒருவர் கிளர்ச்சியாளர்களின் ஊரில் நின்று அப்படிக் கேட்டது அந்த நாட்டில் சாதாரண விஷயமல்ல. 2007 ஜூன் 3 அன்று ஆட்டம் அங்கேயே நடந்தது. நேற்றுவரை ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒரே அரங்கில் உட்கார்ந்து ஐந்து கோல்களுக்கும் சேர்ந்து கத்தினார்கள். ஐந்தாவது கோல் ட்ரோக்பாவுடையது.

அமைதி நிலைக்கவில்லை. 2010 அதிபர் தேர்தல் முடிவை பாக்போ ஏற்க மறுத்ததில் மறுபடி மோதல் மூண்டு சுமார் 3,000 பேர் மாண்டனர். அதன்பின் 2011-ல் அமைக்கப்பட்ட உண்மை, நல்லிணக்க ஆணையத்தில் வெளிநாடு வாழ் மக்களின் பிரதிநிதியாக ட்ரோக்பா இடம்பெற்றார்.

உலகக் கோப்பைகளில் விதி அவருக்குக் கை கொடுக்கவில்லை. 2006-ல் அர்ஜென்டினா, நெதர்லாந்து, செர்பியா-மான்டினீக்ரோ ஆகியவற்றுடன் ஒரே பிரிவு. ஐவரி கோஸ்டின் முதல் உலகக் கோப்பை கோலை அவர் அடித்தும் அணி முதல் சுற்றைத் தாண்டவில்லை. 2010 போட்டிக்குச் சில நாள் முன்பு ஜப்பானுடனான பயிற்சி ஆட்டத்தில் கை முறிந்தது. கட்டோடு ஆடி, பிரேசிலுக்கு எதிராக உலகக் கோப்பையில் கோல் அடித்த முதல் ஆப்பிரிக்கர் ஆனார். 2014-ல் ஜப்பானிடம் 0-1 என்று பின்தங்கியிருந்தபோது மாற்று வீரராக இறங்கினார். அவர் இறங்கிய சில நிமிடங்களில் சக வீரர்கள் போனியும் ஜெர்வின்யோவும் இரண்டு கோல் அடித்தார்கள். அணி அந்த முறையும் முதல் சுற்றோடு வெளியேறியது. மூன்று முறையும் அப்படித்தான்.

ஆப்பிரிக்கக் கோப்பை இதைவிடக் கசப்பு. அது நடப்பது பெரும்பாலும் ஜனவரியில், ஐரோப்பிய லீகுகளின் நடுப்பருவத்தில். வீரர் நாட்டுக்குப் போனால் கிளப்பின் முகம் கோணும். போகாவிட்டால் நாடு மன்னிக்காது. ட்ரோக்பா தவறாமல் போனார். 2006 இறுதியில் எகிப்திடம் பெனால்டி முறையில் தோல்வி. தவறவிட்டவர்களில் அவரும் ஒருவர். 2012-ல் லிப்ரவில் நகரில் ஜாம்பியாவுக்கு எதிரான இறுதியில், ஆட்டத்தின் நடுவே கிடைத்த பெனால்டியைக் குறுக்குக் கம்பத்துக்கு மேலே அடித்தார். கோலில்லாமல் முடிந்து பெனால்டி முறையில் 8-7 என்று கோப்பை ஜாம்பியாவுக்குப் போனது. மியூனிக்கில் அசையாமல் நின்று ஐரோப்பாவை வென்ற அதே கால், மூன்று மாதம் முன்பு நாட்டுக்காகத் தவறியிருந்தது. 2014-ல் 105 ஆட்டங்கள், 65 கோல்களோடு அவர் தேசிய அணியிலிருந்து ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டே ஐவரி கோஸ்ட் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றது.

செல்சிக்குப் பின் அவர் வழி பல நாடுகளில் ஓடியது. 2012-ல் ஷாங்காய் ஷென்ஹுவா கிளப்பில் அரை பருவம். 2013 ஜனவரியில் துருக்கியின் கலாத்தாசராய். அங்கே லீக் பட்டமும் துருக்கிக் கோப்பையும். 2014-ல் மொரின்யோவின் அழைப்பில் மீண்டும் செல்சிக்கு வந்து நான்காவது பிரீமியர் லீக் பட்டம் பெற்றார். 2015 மே மாதம் கடைசி ஆட்டத்தில் அவர் மாற்றப்பட்டபோது, தோழர்கள் அவரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டே களத்துக்கு வெளியே கொண்டுபோனார்கள். செல்சிக்காக மொத்தம் 381 ஆட்டங்கள், 164 கோல்கள். அதன்பின் கனடாவின் மான்ட்ரியால் இம்பாக்ட். 2017-ல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் ரைசிங் கிளப்பில் பங்குதாரராகவும் வீரராகவும் ஒருசேரச் சேர்ந்தார். 2018 நவம்பரில் அந்த அணி லீக் கோப்பை இறுதியில் தோற்றதோடு நாற்பது வயதில் காலணியைக் கழற்றினார்.

வெளிநாட்டில் சம்பாதித்ததில் ஒரு பங்கு ஊருக்குத் திரும்பியது. 2007-ல் தன் பெயரில் அறக்கட்டளை தொடங்கினார். 2009 மார்ச்சில் அபிஜான் அரங்கில் நெரிசலில் சிக்கி ரசிகர்கள் பலர் உயிரிழந்தனர். அந்த ஆண்டின் இறுதியில், பெப்சி விளம்பர ஒப்பந்தத்தில் கிடைத்த சுமார் 30 லட்சம் பவுண்டை மருத்துவமனை கட்டத் தருவதாக அறிவித்தார். அபிஜானின் அத்தெக்குபே பகுதியில் மருத்துவமனைக் கட்டடம் 2016-ல் திறக்கப்பட்டது. 2020-ல் கொரோனா பரவியபோது அதை அரசின் பயன்பாட்டுக்குத் தர முன்வந்தார்.

நாட்டின் பந்தாட்ட நிர்வாகம் மட்டும் அவர் கைக்கு வரவில்லை. 2022 ஏப்ரலில் ஐவரி கோஸ்ட் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவர் தேர்தலில் நின்றார். தெருவில் அவருக்கு எதிர்ப்பே இல்லை. ஆனால் வாக்குரிமை தெருவுக்கு இல்லை, கிளப்புகளின் பிரதிநிதிகளுக்குத்தான். வெளிநாட்டிலேயே ஆடிய ட்ரோக்பாவுக்கு உள்ளூர்க் கிளப்புகளோடு அந்த நெருக்கம் இல்லை. 21 வாக்குகளோடு மூன்றாம் இடத்தில் நின்று முதல் சுற்றிலேயே வெளியேறினார். யாசின் இத்ரீஸ் தியாலோ தலைவரானார்.

2024 தொடக்கத்தில் ஐவரி கோஸ்ட் ஆப்பிரிக்கக் கோப்பையைச் சொந்த மண்ணில் நடத்தியது. அரையிறுதிகளில் ஒன்று புவாக்கேவின் அமைதி அரங்கில் நடந்தது. அபிஜானில் நடந்த இறுதியில் ஐவரி கோஸ்ட் நைஜீரியாவை 2-1 என்று வென்றது. வெற்றி கோலை அடித்த செபஸ்தியன் அல்லே, புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து களத்துக்குத் திரும்பிய ஸ்ட்ரைக்கர், பிரான்சில் பிறந்தவர். ட்ரோக்பாவின் 65 கோல் கணக்கை அந்த அணியில் இதுவரை யாரும் நெருங்கவில்லை.